மேலே இருந்து இம்பாலா, கீழே இருந்து பிளிமவுத்

என் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வரவில்லை. பையனுக்கு எண்ணூர் பக்கம் வேலை, குடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறான் என்று கேட்டதும் ஒரே சாயங்காலத்தில் தலையாட்டிவிட்டார்கள். சண்டை வந்ததெல்லாம் காரைப் பற்றித்தான். பெண்ணை வீட்டிலிருந்து மாதா கோயிலுக்கு எந்தக் காரில் அழைத்துப்போவது என்று என் அப்பாவும் தாய்மாமாவும் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார்கள்.

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாவது மாடி. கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. நடந்தே போய்விடலாமே என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கல்யாணப் பெண் காரில்தான் வர வேண்டும், அந்தக் காரைத் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்கக் கார்களை வாடகைக்கு எடுத்துப் பூ சுற்றிப் பெண்ணை உட்கார வைக்கிற மோகம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த மோகம் அதற்கு நாற்பது வருஷம் முன்பிருந்தே உண்டு. அதனால்தான் இவ்வளவு தொல்லை.

அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். மாமா அதே கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டியவர். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கிற சரக்கு மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே இருக்கிறவர் விரலைச் சுற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்க வேண்டும், இரண்டு கையையும் அகல விரித்தால் மூச்சை நிறுத்தினாற்போல நிறுத்திவிட வேண்டும். வேலையில் இருக்கும்போது அப்பா மாமாவின் விரலை மீறியதே இல்லை. ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டினார்களோ இல்லையோ, மாமா சொல்கிற எதையும் அப்பா ஒத்துக்கொண்டதும் இல்லை. மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா என்பதிலிருந்து எந்த ஃபாதரின் பிரசங்கம் தூக்கம் வரவழைக்கும் என்பது வரை எல்லாவற்றிலும் இருவருக்கும் இரண்டு கட்சி. பெரிய சண்டை மட்டும் கார்ச் சண்டை.

அவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய அமெரிக்கக் கார்களை இங்கே வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிற வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்களாம். ஒருநாள் ஒரே கப்பலுக்கு ஒரு செவர்லே இம்பாலாவும் ஒரு பிளிமவுத்தும் வந்தன. இரண்டுக்கும் மாமா தூக்குகிற ஸ்லிங் கயிற்றைக் கட்டினார், இரண்டையும் அப்பா தூக்கினார். அப்பா மேலே இருந்து பார்த்தார். மாமா கீழே இருந்து பார்த்தார். மேலே இருந்து பார்த்தவருக்கு இம்பாலாவின் அகலமும், பின்னால் விரிந்த இரண்டு இறக்கைகளும் கண்ணிலேயே நின்றுவிட்டன. திருக்கை மீன் மாதிரி இருந்தது என்பார். கீழே நின்றவருக்குத் தலைக்கு மேல் அசையாமல் தொங்கிய பிளிமவுத்தின் அடிவயிறு பிடித்துப்போனது. அவ்வளவு தடிமனான சட்டத்தை அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் பார்க்கவில்லை என்பார். ஒருவர் பார்த்த பக்கத்தை மற்றவர் பார்த்ததே இல்லை, அதனால் இந்த வழக்கு எந்தக் காலத்திலும் தீர்கிற வழக்கு இல்லை.

அப்பா திருவொற்றியூரில் ஒரு இம்பாலாக்காரரைப் பிடித்தார். ஷூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் வண்டி விடுகிறவர், வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். மாமாவுக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு தோஸ்து உண்டு, லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாய். அவரிடம் ஒரு பிளிமவுத் குடோனில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. வேண்டியவர்களுக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார். இரண்டு வண்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் நிறுத்திப் பார்த்துவிடுவது என்று முடிவானது. பெண் பார்க்கிற அன்றைக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு பஜ்ஜி போடவில்லை.

இரண்டும் தெருமுனையில் வந்து நின்றன. இம்பாலா வானநீலம். மிதந்து வந்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. பிளிமவுத் சந்தனக் கலர், உயரமான உருண்டைத் தலை, சின்ன ஜன்னல்கள். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் வந்து நின்ற மாதிரி இருந்தது. இம்பாலாவின் உடம்பில் ஓடுகிற மான். பிளிமவுத்தின் மூக்கில் சின்னதாக ஒரு பாய்மரக் கப்பல். இதைக் கண்டதும் மாமாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஹார்பர்க்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கப்பல் இருக்கிற வண்டியா, மான் இருக்கிற வண்டியா, நீங்களே சொல்லுங்கள் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார்.

அப்பா கீழே இறங்கவே இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தபடியே இரண்டையும் பார்த்தார். காரை மேலே இருந்து பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும், ஒரு தரம் முன்னாலும் பின்னாலும் எடுக்கச் சொல்லு என்று உத்தரவு போட்டார். மாமாவோ வேட்டியை மடித்துக் கட்டி இம்பாலாவுக்கு அடியில் தலையை விட்டார். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இத்தனை சின்ன இடம் வைத்துக்கொண்டு நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரை இது எப்படித் தாண்டும் என்று உள்ளேயிருந்து கேட்டது அவர் குரல்.

“மேலயே குந்திகினு இன்னாத்த பாக்குற மச்சான்? எறங்கி வந்து அடில பாரு” என்றார்.

“கல்யாணப் பொண்ணு வண்டிக்கு அடியிலயா குந்திகினு போவப்போறா?” என்று பால்கனி பதில் சொன்னது.

இந்த இரண்டு பேரும் மேலேயும் கீழேயும் பார்த்தார்களே ஒழிய உள்ளே யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. முதலில் இம்பாலா. அதில் உட்காருவது என்று சொல்ல முடியாது, விழுவதுதான். சீட்டு தரையோடு தரையாகக் கிடந்தது. விழுந்ததும் சுகமாகத்தான் இருந்தது, சோபா தோற்றது. வெளியே வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. கதவைப் பிடித்து, அம்மா ஒரு கை கொடுத்து, ஒரு தம் பிடித்து எழுந்தேன். அடுத்து பிளிமவுத். அந்தக் காலத்துத் துரைமார் தொப்பியைக் கழற்றாமல் உட்கார வேண்டும் என்று கூரையை உயர்த்திக் கட்டியதாகப் பாய் சொன்னார். சீட்டும் சாப்பாட்டு மேஜை நாற்காலி உயரம். காலைத் தூக்கி வைத்தேன், உட்கார்ந்தேன். காலைக் கீழே வைத்தேன், நின்றேன். அவ்வளவுதான்.

அந்த நிமிஷமே நான் மாமா கட்சிக்குப் போய்விட்டேன். மானும் கப்பலும் எனக்கு ஒன்றுதான். அப்பாவின் முழங்கால்தான் காரணம்.

முப்பது வருஷத்துக்கு மேல் செங்குத்து ஏணியில் ஏறி இறங்கியதில் இரண்டு மூட்டும் தேய்ந்துபோயிருந்தன. காலையில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். வீட்டில் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேசினால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்பது எழுதாத சட்டம். பூசைக்குக்கூட எல்லோருக்கும் முன்னாலேயே கிளம்பி, படியில் யாரும் பார்க்காத நேரத்தில் இறங்கிவிடுவார். எனக்கு அந்தக் கல்யாணத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் நடக்க வேண்டும். இம்பாலாவில் போனால் அவர் வெளியே வருவதற்கே நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்கு முன்னால் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

உண்மையைச் சொல்ல முடியாதவள் என்ன செய்வாள், வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிளிமவுத்தின் சந்தனக் கலர் என் வெள்ளை கவுனுக்கு எடுப்பாக இருக்கும் என்றேன். வெள்ளைக்கு எந்தக் கலர்தான் ஒத்துவராது என்றார் அப்பா. தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு இம்பாலாவில் உட்கார்ந்தால் கூரை இடிக்கும் என்றேன். கிரீடத்தைக் கோயிலில் போய் வைத்துக்கொள் என்றார். இம்பாலாவில் போனால் எனக்கு வாந்தி வரும் என்றுகூடச் சொன்னேன். மீன்பிடிப் படகில் போய்ச் சிரித்துக்கொண்டே வந்த பெண் அதைச் சொன்னால் எவன் நம்புவான்.

“ஒங்க மாமன் சொல்லிக் குடுத்தானா?” என்று கேட்டார் அப்பா. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். அவர் கேட்டது அப்படி இல்லை. சோர்ந்துபோய்க் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இம்பாலாவே வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

மாமா தோல்வியை ஒத்துக்கொண்டாரா என்றால் இல்லை. பெண் வண்டி இம்பாலாவாக இருக்கட்டும், பெண்ணுக்குப் பின்னால் பிளிமவுத்தும் வரும், அதில் அத்தைமார்கள் வருவார்கள் என்று அறிவித்துவிட்டார். அத்தைமார்களிடம் யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று நான் அலங்காரம் முடிந்து கீழே வந்தபோது அப்பா ஏற்கெனவே காருக்குள் இருந்தார். கோட்டு சூட்டு, ஜன்னலில் ஒரு கை, முகத்தில் ஒரு தோரணை. பெண்ணுக்கு முன்னால் அப்பனுக்கு என்ன அவசரம் என்று தெருவே கேலி செய்தது. விடிந்ததும் விடியாததுமாக வண்டி வந்து நின்றபோதே, படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்குத்தான் தெரியும். கவுனைச் சுருட்டிக்கொண்டு நானும் பக்கத்தில் விழுந்தேன்.

பத்து நிமிஷ நடைத் தூரத்துக்கு நாங்கள் ஊரைச் சுற்றினோம். எங்கள் தெருவிலிருந்து கோயிலுக்குப் போகிற சந்தில் அவ்வளவு நீளமான வண்டி திரும்பாது. மறு பக்கம் மழைநீர் கால்வாய்க்குத் தோண்டிப்போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், இம்பாலாவை ஓட்டிய கறுப்புக் கண்ணாடிக்காரர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு விட்டார். அங்கே ஹார்பருக்குள் போகக் காத்திருந்த கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில், பூ சுற்றிய இம்பாலா நசுங்காத குறையாக நின்றது. பின்னால் பிளிமவுத்தில் அத்தைமார்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பக்கத்து டிரெய்லரின் டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்துப் போட்டோ எடுத்தார். வண்டி மேலே இருந்து பார்க்கச் சூப்பராக இருக்கிறது பெருசு என்றார். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பிளிமவுத்தைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு, மேலே இருந்து பார்த்த ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அதை மாமா கேட்கவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

வரிசை மெல்ல நகர்ந்தது. அப்பாவின் சந்தோஷம் அதைவிட வேகமாக வடிந்தது. கோயில் கோபுரம் தெரிந்ததும் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“நீ ஒங்க மாமன் கைய புடிச்சிகினு உள்ள போயிடு கண்ணு. நான் வண்டியாண்டயே இருந்துகினு அப்பால வரேன்.”

ஏன் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“காலு எந்திரிக்காது. காலைலயே தெரிஞ்சிபோச்சி. ஒக்காந்தப்பவே.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதற்காகத்தானே அந்த உயரமான வண்டி வேண்டுமென்று தலையால் தண்ணி குடித்தேன் என்று கத்தினேன். அதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா நைனா என்றேன். கண்ணாடிக்காரர் எங்களைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார், அதுவரை அப்படி ஓட்டியவரில்லை.

கோயில் வாசலில் கூட்டம். வீடியோக்காரர் கதவுக்கு நேராகக் கேமராவைப் பிடித்தார். நான் இரண்டு தோழிகளின் கையைப் பிடித்து எப்படியோ வெளியே வந்து, கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். உள்ளே போகச் சொல்லி ஆளாளுக்கு விரட்டினார்கள். அப்பா வராமல் நான் நகர மாட்டேன் என்றேன். அப்பா உள்ளேயிருந்து, போ போ என்று கையை ஆட்டினார். ஒரு சித்தப்பா கை கொடுக்க ஓடினார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் சித்தப்பா பின்வாங்கிவிட்டார்.

அப்போது பிளிமவுத்திலிருந்து மாமா இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கு இம்பாலாவைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திறந்த கதவுக்கு நேராக, பத்தடி தள்ளி, கால்களை அகட்டி நின்றார். வலது கையை மேலே தூக்கினார். ஆள்காட்டி விரலை மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றினார்.

மாமா வண்டியைத்தான் சரியாக நிறுத்தச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்ணாடிக்காரரும் அப்படியே நினைத்து வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு சாண் முன்னால் எடுத்துவிட்டார். மாமா இரண்டு கையையும் அகல விரித்தார். வண்டி நின்றது. வீடியோக்காரர் நின்றார். கோயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நின்றார்கள். எங்கள் சித்தப்பா காற்றில் தூக்கிய காலோடு நின்றார்.

மாமா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கையைப் பக்கவாட்டில் வீசினார். அப்பா உட்கார்ந்தபடியே கதவுப் பக்கம் திரும்பி இரண்டு காலையும் வெளியே வைத்தார். மாமா, பொறு என்று உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். அப்பா பொறுத்தார். விரல் சுற்றியது. அப்பா ஒரு கையைச் சீட்டிலும் ஒரு கையைக் கதவிலும் ஊன்றினார். விரல் நின்றது, அவரும் பாதியில் நின்றார், மூச்சு வாங்கினார். விரல் மறுபடி சுற்றியது. அவர் கண் மாமாவின் விரலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. என் கல்யாணம், கூட்டம், கேமரா எதுவும் அவருக்கு அங்கே இல்லை. அப்படியே மெல்ல மெல்ல நேராக எழுந்து நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை.

மாமா கையைக் கீழே போட்டார். அத்தைமார்களைப் பார்த்து, வேடிக்கை போதும், உள்ளே போங்கள் என்று சத்தம் போட்டார்.

பிற்பாடு ஒருநாள் மாமாவிடம் கேட்டேன், முழங்கால் விஷயம் எப்போது தெரியும் என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலைல இருந்த கடேசி மூணு நாலு வருசமா ஒங்க நைனா ஏணிய வுட்டு எறங்கறதுக்கு அவ்ளோ நேரம் ஆவும். அது வரைக்கும் சூப்பர்வைசராண்ட பேச்சு குடுத்துகினு நின்னது யாருன்னு நெனச்ச?” என்றார். பிளிமவுத்துக்கு அவர் அத்தனை பாடுபட்டதும் அதற்குத்தானா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, அதன் சட்டத்தைப் பார்த்தாயா, என்ன தடிமன் என்று ஆரம்பித்துவிட்டார்.

அன்று கோயில் வாசலில் அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார். வருகைப் பாடல் தொடங்கியது. நடந்தோம். மெதுவாக நடந்தோம், இன்னும் மெதுவாக நடந்தோம். பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை வியர்த்துப்போய் நின்றான். ஃபாதர் எங்களை ஒரு தரமும் வாட்சை ஒரு தரமும் பார்த்தார். பாட்டு முடிந்துபோனது, நாங்கள் பாதி தூரம்தான் வந்திருந்தோம். அங்கே அப்பா நின்றுவிட்டார்.

வலிக்கிறதா நைனா, பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாயா என்று காதோரம் கேட்டேன்.

“வலியெல்லாம் ஒன்னியும் இல்ல” என்றார். “அங்க போய் சேந்துட்டா ஒன் கைய வுட்டுடணுமே. அதான் நிக்கிறேன்.”

நான் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பாடகர் குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வருகைப் பாடலை மறுபடியும் முதலிலிருந்து பாடத் தொடங்கியது.